புஸ்டருக்குக் கிடைத்த அனுமதி

நாய் வேண்டாம் என்று போன சனிக்கிழமை நீங்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னீர்கள். தமிழ்ப் பள்ளிக்கூட மண்டபத்தில் பேரப்பிள்ளைகளின் நடன ஒத்திகை முடியக் காத்திருந்தோம். என் பேத்தி நாய் கேட்கிறாள் என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். ஒருவர் மரத்தரை கீறுப்பட்ட கதையை எடுத்தார். இன்னொருவர் மிருக வைத்தியரின் பில்லைச் சொல்லி நெஞ்சில் கை வைத்தார். கனடாவில் கலியாணம் வந்தால் நாயை எங்கே விடுவாய் என்று மூன்றாமவர் கேட்டார். கடைசியில், "நீ எல்லாத்தையும் எண்ணுற ஆள், நீயே கணக்குப் பாத்துச் சொல்லு" என்று என் தலையிலேயே கட்டிவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விட்டீர்கள்.

எண்ணிப் பார்த்தேன். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள் நான். படிகளில் ஏறும்போதும் படிகளை எண்ணுகிறவன். நாய் வளர்ப்பதில் உள்ள தொல்லைகளை எண்ண ஒரு கை விரல்கள் போதவில்லை. ரோமம், வாடை, கடி, செலவு, ஒவ்வாமை, மழையிலும் வெளியே போக வேண்டிய கட்டாயம், கடைசியில் அது சாகும் துக்கம். எதிர்ப் பக்கத்தில் ஒரேயொரு நாய்தான் வந்து நின்றது. ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடிந்து, கபில நிறத்தில். அதைப் பற்றி உங்களுக்குச் சொல்லாமல் இந்தக் கணக்கை என்னால் முடிக்க முடியாது.

அப்போது டென்மார்க்கில், இந்த ஒடென்சே நகரில், நாங்கள் மூன்று பேர்: அப்பா, அவருடைய தம்பியான என் சித்தப்பா, நான். ஆண்பிள்ளைகளை ஊரில் வைத்திருக்கப் பயந்த காலம் என்பதால் அப்பா என்னை மட்டும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அம்மாவும் தங்கச்சியும் யாழ்ப்பாணத்தில். அகதி அனுமதி கிடைத்த கையோடு அவர்களை அழைக்க அப்பா விண்ணப்பம் போட்டார். அது சட்டம் தந்த உரிமை. ஆனால் அந்த ஆண்டுகளில் தமிழ்க் குடும்பங்களின் விண்ணப்பங்களை மேலிடத்தில் வேண்டுமென்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்பது பின்னால்தான் வெளியே வந்தது. அதனால் ஓர் அரசாங்கமே விழுந்தது. உங்களுக்கு இதெல்லாம் தெரியும். இளையவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வாசகம்தான். எப்போது கேட்டாலும் அதே குரலில் அதே பதில்: "பரிசீலனையில் இருக்கிறது."

யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்த அப்பா இங்கே நகருக்கு வெளியே கண்ணாடிக் கூடங்களில் பூச்செடிகளுக்கு மண் நிரப்பினார். அந்த ஈர மண் வாசனை அவருடைய கறுப்பு மழைக்கோட்டிலிருந்து எத்தனை தரம் தோய்த்தாலும் போகவில்லை. கார்த்திகை மாதத்து மழை நாள் ஒன்றில், பிற்பகல் நாலு மணிக்கே இருட்டிவிட்டிருந்தது, அந்தக் கோட்டோடும் செடி கட்டும் கயிற்றோடும் அவர் வாசலில் நின்றார். கயிற்றின் மறுமுனையில் புஸ்டர்.

"என்ன அண்ணை இது?" என்றார் சித்தப்பா, குசினிக்குள்ளிருந்து அகப்பையோடு.

"நாய்."

"அது தெரியுது. ஏன் நிக்குது?"

தோட்டத்தின் பழைய முதலாளி முதியோர் இல்லத்துக்குப் போகிறாராம். அங்கே நாய் வைத்திருக்க முடியாது. ஆகவே மகன் மிருக வைத்தியரிடம் நேரம் எடுத்திருக்கிறான், ஊசி போட்டு முடித்துவிட. அப்பாவுக்கு அது விளங்கவே இல்லை. "சுகமாய் நிக்கிற சீவன், தம்பி. நொண்டியில்லை, சொறியில்லை. வைச்சிருக்க இடமில்லையெண்டு கொல்லுறாங்களாம். அதுக்கும் நேரம் குறிச்சு."

"எங்களுக்கே இடமில்லை," என்றார் சித்தப்பா. ஆனால் அவர்தான் பழைய சோற்றுப் பானையைத் தேடினார்.

அப்பா முதலில் செய்தது, ஊரில் யாரும் செய்திருக்கக்கூடியதுதான். நாய் என்றால் அது வெளியே நிற்க வேண்டும். எங்களுக்கு இருந்த ஒரே வெளி, இரண்டாம் மாடி பல்கனி. அங்கே ஒரு சாக்கை விரித்து, கம்பியில் கட்டி, சோறும் மீன்குழம்பும் குழைத்து வைத்தார். நல்ல உறைப்பு. புஸ்டர் அதை ஒரு பருக்கை விடாமல் தின்றது. பிறகு ஒரு வாளித் தண்ணீரைக் குடித்தது. பிறகு குளிரில் ஊளையிட்டது. ஒரு வாரம் அந்தக் கட்டடமே அதைக் கேட்டது. எட்டாம் நாள் அப்பா பல்கனிக் கதவைத் திறந்து, "வா, வந்து தொலை" என்றார். அது உள்ளே வந்து அவருடைய கட்டிலுக்குக் கீழே, தனக்கென்று முன்பே குறித்து வைத்திருந்ததுபோல் படுத்தது.

செலவையும் சேதத்தையும் சொல்லாமல் விட்டால் நான் நானல்ல. சித்தப்பாவின் சப்பாத்துகளில் இடது கால் மட்டும் நான்கைத் தின்றது. சோபாவின் ஒரு கையைத் தின்றது. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் மரக்கறி, நாய்க்கும் மரக்கறிதான். "இந்த வீட்டிலை இருக்கிற எல்லாருக்கும் வெள்ளி வெள்ளிதான்" என்று அப்பா தேங்காய்ப்பால் சொதியும் சோறும் வைப்பார். அது தட்டைப் பார்க்கும், அப்பாவைப் பார்க்கும், ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் தின்னும். இதைக் கேட்ட மிருக வைத்தியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ஆனால் உறைப்புக் குழம்பை மட்டும் அன்றோடு நிறுத்தச் சொன்னார், அப்பாவும் நிறுத்தினார்.

எல்லாவற்றிலும் பெரிய சேதம் தொலைபேசி வயர். அம்மா சில மாதங்களுக்கு ஒருமுறை கொழும்புக்கு வந்து, கடையொன்றில் வரிசையில் நின்று எங்களுக்கு ஃபோன் எடுப்பா. அப்படி ஒரு ஞாயிறு காலையில் நாங்கள் மூன்று பேரும் முகம் கழுவி, தலை சீவி, யாரோ பார்க்கப் போவதுபோல் சாம்பல் நிறத் தொலைபேசியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். மணி அடிக்கவில்லை. மத்தியானம்தான் சித்தப்பா சோபாவுக்குப் பின்னால் கடித்துக் கிடந்த வயரைக் கண்டார். அவர் கத்தவில்லை. மெதுவாகச் சொன்னார்: "அண்ணை, இதை இண்டைக்கே கொண்டுபோய் விடு."

அப்பா நிலத்தில் குந்தியிருந்து வயரை நிறம் நிறமாகப் பிரித்து முறுக்கி, ஒட்டு நாடா சுற்றினார். மாலையில் மணி அடித்தது. அம்மா கடைக்காரனிடம் மன்றாடித் திரும்பவும் வரிசையில் நின்றிருந்தா. அவவின் குரல் வந்ததும் புஸ்டர் குரைத்தது.

"என்ன சத்தம் அது?"

"ரீவி," என்றார் அப்பா, அணைந்து கிடந்த தொலைக்காட்சியைப் பார்த்து.

அம்மாவுக்கு நாய் என்றால் சீவன் போய்விடும் என்பதை இங்கே சொல்ல வேண்டும். சிறுமியாக இருந்தபோது தெருநாய் கடித்து, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டவ. நாய் நிற்கிற ஒழுங்கையால் போகமாட்டா, சுற்றித்தான் போவா. "அவ வாறதுக்கிடையிலை இதுக்கு ஒரு வழி பாப்பம்" என்று அப்பா எங்களுக்குச் சொல்லியிருந்தார். அவ வருவதற்கு வழி இல்லாததால் இதற்கும் வழி பார்க்கப்படவில்லை.

வெளியே கூட்டிக்கொண்டு போவது அடுத்த பாடு. ஊரில் நாயைக் கூட்டிக்கொண்டு யார் நடந்தார்கள்? அது தானாகப் போய்த் தானாக வரும். இங்கே கயிறு பிடித்து நடக்க வேண்டும். போதாததற்கு, அது வெளிக்கு இருந்ததைப் பையில் அள்ள வேண்டும். முதல் தடவை அப்பா நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் குனிந்தார். பார்த்தும் பயனில்லை. பஸ் தரிப்பிடத்தில் எங்கள் ஆட்கள் இருவர் நின்றார்கள்.

"என்ன அண்ணை, கச்சேரியிலை ஃபைல் தூக்கின கையாலை இப்ப இதோ தூக்கிறியள்?" என்றார் ஒருவர். மற்றவர் சிரிப்பை அடக்க மறுபக்கம் திரும்பினார்.

நான் வெட்கத்தில் தரையைப் பார்த்தேன். அப்பா பையை நிதானமாக முடிச்சுப் போட்டார். "ஃபைலிலும் பாக்க இது சுகம் தம்பி. அள்ளினா முடிஞ்சுது. ஃபைல் முடியாது." பையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, பஸ் வரும்வரை அவர்களோடேயே நின்று கதைத்தார். அன்றைக்குப் பிறகு அவர் நாலு பக்கமும் பார்ப்பதை விட்டுவிட்டார். நானும்தான்.

இந்த நாட்டைப் பற்றி நாங்கள் அறியாத ஒன்றை அந்த நாய் அறிந்திருந்தது. இங்கே முன்பின் தெரியாதவனோடு ஒருவரும் கதைக்கமாட்டார்கள். ஆனால் அவனுடைய நாயோடு கதைப்பார்கள். இரண்டு வருடமாக எங்களுக்குத் தலையசைக்காத கட்டடத்தில், சைக்கிள் திருத்திக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "பெயர் என்ன?" என்று கேட்டார். அப்பாவின் பெயரையல்ல. அப்பா வகுப்பில் படித்த டெனிஷ் தாளில்தான் இருந்தது. வாயில் வந்ததெல்லாம் புஸ்டர் கூட்டிவந்த டெனிஷ். எத்தனை வயது, என்ன சாப்பிடுகிறது, காது ஏன் அப்படி. ஒவ்வொரு மாலையும் ஒரே கேள்விகள் என்பதால் அப்பாவின் பதில்கள் நாளுக்கு நாள் அழகாகிக்கொண்டு வந்தன.

கேட்காதவர் ஒருவர்தான். கீழ்மாடியில் தனியாக இருந்த வயோதிப மாது. எங்களைக் கண்டால் கதவைச் சாத்துவா. நாயைப் பற்றிக் கட்டட நிர்வாகத்துக்கு முறைப்பாடு எழுதியதும் அவதான். கட்டட விதிப்படி நாய் வளர்க்க அனுமதி எடுக்க வேண்டும், நாங்கள் எடுக்கவில்லை, அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நாய்க்கு யாரிடம் அனுமதி கேட்பது? குடியிருப்பாளர் கூட்டத்தில் வாக்கெடுப்பு என்று பொறுப்பாளர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

சித்தப்பா நிறம் மாறிப்போனார். "அண்ணை, எங்கடை பேர் ஒரு இடத்திலை பிழையாய்ப் பதிஞ்சா, அது எங்கை எங்கை போகும் எண்டு தெரியுமோ? பொலிசுக்குப் போகும். அங்கையிருந்து அண்ணியின்ரை ஃபைலுக்குப் போகும். கூட்டத்துக்கு முன்னமே நாயைக் குடு. பிரச்சினை முடிஞ்சுது."

இன்று நினைத்தால் சிரிப்பு வரும். கட்டடத்துக் கூட்டத்துக்கும் அம்மாவின் விண்ணப்பத்துக்கும் ஒரு நூலளவு தொடர்பும் இல்லை. ஆனால் ஏன் பதில் வரவில்லை என்று தெரியாதவனுக்கு எல்லாமே காரணமாகத் தெரியும். அப்பாவும் அதைத்தான் நம்பினார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சொன்னார்: "குடுக்கேலாது. குடுத்தா ஊசி. போய்க் கேப்பம். கேக்கப் போகேக்கை வெறுங்கையோடை போகக்கூடாது. தம்பி, வடை சுடு."

எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. சித்தப்பா ஒரு பெரிய தட்டு நிறையக் கடலைப்பருப்பு வடை சுட்டார். சலவை இயந்திரங்களுக்குப் பக்கத்துப் பொது அறையில் மாலைக் கூட்டம் தொடங்குவதற்கு முன், அப்பா தட்டோடு வரிசை வரிசையாகப் போக ஆரம்பித்தார். தலைவர் சிவந்துபோய் எழுந்து வந்து, மிகவும் பண்பாக, வாக்கெடுப்பு முடிந்த பிறகு பரிமாறினால் நல்லது என்றார். வாக்குக்கு வடை என்று ஆகிவிடுமாம். தட்டு ஜன்னலோரத்துக்குப் போனது. சைக்கிள் கொட்டில் கூரை, சலவை அறைச் சாவி என்று மற்ற விடயங்கள் ஒவ்வொன்றாகப் போக, பெருஞ்சீரகமும் வெங்காயமும் பொரிந்த வாசனை அந்த அறையை நிறைத்தது. மூக்குகள் ஜன்னல் பக்கம் திரும்புவதை நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

எங்கள் முறை வந்தது. கீழ்மாடி மாது எழுந்து, நாய் ஒரு வாரம் ஊளையிட்டது, விதி எல்லோருக்கும் விதி என்றா. அதில் பொய் ஏதும் இல்லை. பிறகு அப்பா எழுந்தார். கையில் ஒன்றும் இல்லை. டெனிஷில்தான் பேசினார், எனக்கு அது இன்றும் சொல்லுக்குச் சொல் ஞாபகம்.

"வணக்கம். நான் இரண்டாம் மாடி. என் நாய் நாலு சப்பாத்தும் ஒரு தொலைபேசி வயரும் தின்றது. உங்களுடைய சப்பாத்து ஒன்றையும் தின்னவில்லை. அது ஊளையிட்டது உண்மை. எங்கள் ஊரில் நாய் வெளியே படுக்கும். இங்கே எனக்கு மட்டும்தான் குளிர் என்று நினைத்துவிட்டேன். இப்போது அது உள்ளே படுக்கிறது."

யாரோ மெல்லச் சிரித்தார்கள். அப்பா நின்று, மூச்சு எடுத்தார்.

"நான் இந்த நாட்டிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறேன். என் மனைவியும் மகளும் வரலாமா? ஆம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பரிசீலனையில் இருக்கிறது என்று சொல்கிறார்கள். இன்று உங்களிடம் ஒரு சிறிய கேள்வி கேட்கிறேன். என் நாய் இருக்கலாமா? இருக்கலாம் என்றால் நன்றி. இருக்கக்கூடாது என்றாலும் நன்றி, நாளைக்கு வேறு இடம் தேடுவேன். ஆனால் இன்றைக்கே சொல்லுங்கள். கையைத் தூக்கிச் சொல்லுங்கள். நான் பார்க்க வேண்டும்."

சலவை இயந்திரமொன்று சுற்றி நின்ற சத்தம் கேட்டது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, ஆதரவானவர்கள் கை தூக்கலாம் என்றார். அப்பாவின் உதடுகள் தமிழில் எண்ணின; நானும் எண்ணினேன். பத்தொன்பது. எதிராகப் பதினாலு, அதில் முதல் கை கீழ்மாடி மாதுவினுடையது. தோற்றவர்களுக்கும் மரியாதையாக ஒரு வரி சேர்த்தார்கள்: அனுமதி இந்த நாய்க்கு மட்டும், அது உயிரோடு இருக்கும்வரை, அடுத்தது கிடையாது.

படியேறும்போது சித்தப்பா வெறும் தட்டைத் தோளில் வைத்துக்கொண்டு சொன்னார்: "நாய்க்கு சாகுமட்டும் விசா. எங்களுக்கு வருசத்துக்கு வருசம். அண்ணை, அடுத்த பிறப்பிலை குரைச்சுக்கொண்டு வருவம்."

அப்பா சிரிக்கவில்லை. அவர் முகத்தில் நான் அதுவரை கண்டிராத ஒன்று இருந்தது. கேட்டதற்கு ஒரு பதில் கிடைத்த மனிதனின் முகம் அது. அம்மாவின் விண்ணப்பத்துக்குப் பதில் வர மேலும் ஒன்றரை வருடம் ஆனது. அந்தக் காலம் முழுவதும் அவர் நிமிர்ந்து நடந்தார் என்பதை, உங்களில் அவரைக் கண்டவர்கள் சொல்லுங்கள்.

அம்மா வந்த நாளில், பூட்டிய அறைக்குள் புஸ்டரை வைத்துவிட்டு நாங்கள் விமான நிலையம் போனோம். தங்கச்சி என் இடுப்பளவு வளர்ந்திருந்தாள். என்னை அடையாளம் காணவில்லை. வீட்டுக் கதவு திறந்ததும் அம்மா மூக்கைச் சுருக்கினா. "என்ன வாடை இது?" பிறகு அறைக் கதவு பிறாண்டப்படும் சத்தம். "ரீவியோ?" என்று கேட்டா, அப்பாவை ஒரு பார்வை பார்த்து.

"அது உள்ளை நிக்கிறதெண்டா நான் வெளியிலை நிக்கிறன்," என்று சொல்லி, குளிர்கோட்டோடு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டா. இத்தனை வருடம் காத்திருந்து, வாசல்வரை வந்து, படியில். அப்பா அறையைத் திறந்தார். புஸ்டர் வந்து வாசற்படிக்கு உள்பக்கம், ஒரு கோடு போட்டதுபோல் நின்று, மடிந்த காதோடு படுத்துக்கொண்டது. குரைக்கவில்லை. தாண்டவும் இல்லை.

அந்த நேரம் பார்த்துக் கீழ்மாடி மாது கம்பியைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறி வந்தா. நாங்கள் சத்தத்துக்கு முறைப்பாடு என்று நினைத்தோம். அவ அம்மாவைப் பார்த்தா, நாயைப் பார்த்தா, அப்பாவிடம் கேட்டா: "இவவா?"

"ஓம்," என்றார் அப்பா தமிழில். பிறகு டெனிஷில் திருத்திச் சொன்னார்.

மாது குனிந்து அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு இறங்கிப் போனா. "ஆர் அது?" என்று அம்மா கேட்டா. "எங்களுக்கு எதிராய் வாக்குப் போட்டவ" என்றார் சித்தப்பா. அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து, சேலையை ஒதுக்கிப் பிடித்து, அந்தக் கபில நாயைச் சுற்றி நடந்து உள்ளே வந்தா.

அம்மாவுக்குப் பயம் எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. நாங்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு அந்த வீட்டில் இருந்தது அவவும் அதுவும்தான். முதற் குளிர்காலத்தில் ஒரு நாள் நான் நேரத்தோடு வந்தபோது, பனிக்குள் அப்பாவின் கறுப்பு மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, கயிற்றின் இந்த முனையில் அம்மா. அந்த முனையில் புஸ்டர். நடுவில் நின்று பேசுபவ கீழ்மாடி மாது. அம்மா பதில் சொல்லிக்கொண்டிருந்தா, டெனிஷில். எத்தனை வயது, என்ன சாப்பிடுகிறது, காது ஏன் அப்படி. அந்தச் சுற்றுவட்டாரத்தில் அம்மாவின் பெயர் ஒருவருக்கும் வாயில் வரவில்லை. புஸ்டரின் அம்மா என்றுதான் சொன்னார்கள். அவ அதற்குத் திரும்பிப் பார்ப்பா.

ஆகவே, என் கணக்கு. தரை கீறுப்படும். பில் வரும். கனடாவுக்கு நான் போகாமல் நிற்க வேண்டி வரலாம். முழங்கால் நோவோடு மழையில் நடக்க வேண்டி வரும். அது என்னைக் கடிக்குமோ, வேறு யாரையாவது கடிக்குமோ என்று நான் நிச்சயம் கவலைப்படுவேன். ஆனாலும் பேத்தியிடம் "பிறகு பாப்பம்" என்று சொல்லமாட்டேன். எங்கள் குடும்பத்தில் கேள்வி கேட்டவர்களுக்கு அன்றைக்கே பதில். நாளை அவள் வருகிறாள். ஓம் என்றுதான் சொல்லப்போகிறேன்.

புஸ்டர் கிழடாகிச் செத்தது, அப்பாவின் கட்டிலுக்குக் கீழே, தான் பிடித்த இடத்திலேயே. அதோடு அனுமதியும் முடிந்தது. விதி எல்லோருக்கும் விதி என்று அப்பா கயிற்றைச் சுருட்டி வைத்தார். அடுத்த குடியிருப்பாளர் கூட்டத்துக்கு அம்மாவும் வருகிறேன் என்றா. வடை சுடவில்லை. அதே சலவை அறைப் பக்கத்து அறை. அதே தலைவர், தலைமுடி மட்டும் குறைந்திருந்தது. வேறு விடயம் உண்டா என்று அவர் கேட்டபோது, அம்மா எழுந்து நின்றா. எங்களில் ஒருவருக்கும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

"வணக்கம். நான் இரண்டாம் மாடி. புஸ்டரின் அம்மா. நாங்கள் இன்னொரு நாய் வளர்க்கலாமா? இன்றைக்கே சொல்லுங்கள்."

முதலில் எழுந்தது கீழ்மாடி மாதுவின் கை. மூட்டு வலியால் முழுதாக நிமிரவில்லை. மற்றக் கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தா. அப்பாவின் உதடுகள் பழக்கத்தில் எண்ணத் தொடங்கின. அம்மா அவர் பக்கம் திரும்பிப் பார்க்காமலே தமிழில் சொன்னா:

"எண்ணாதேங்கோ. எல்லாக் கையும் மேலை நிக்குது."